மேகாலயா குகைகளும் எனக்கு வந்த ‘டிபி’யும்

மேகாலயாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வேர்ப்பாலம், டாவ்கி ஆற்றில் படகு, சோஹ்ராவில் (சிரபுஞ்சி) அருவிகள் என்று பார்த்துவிட்டு, நடுவில் மாவ்ஸ்மாய் குகைக்குள்ளும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மாவ்ஸ்மாயில் மின்விளக்கு உண்டு, வழி தெளிவாக இருக்கும், குழந்தைகளோடு போகலாம். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. விளக்கே இல்லாத, வௌவால்கள் குடியிருக்கிற சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் போக ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் அந்த ஆசை ரொம்ப வருடமாக இருந்தது. போய்வந்ததில் வருத்தம் இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு பல மாதங்கள் உடம்பு படுத்தி எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டேன், ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் போனது, சம்பளமில்லாத விடுப்பு அது தனி. அந்தக் குகைகளைப் பற்றித் தமிழில் தேடிப் படித்ததில் ஒரு இடத்தில்கூட இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை.

முதலில் குகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் அங்கே போனேன் என்பதே புரியாது. காரோ, காசி, ஜெயின்டியா மலைகளின் தெற்குப் பக்கம் நெடுக சுண்ணாம்புக்கல் இருக்கிறது. உலகத்திலேயே அதிக மழை கொட்டுகிற மாசின்ராமும் சோஹ்ராவும் அங்கேதான் இருக்கின்றன. வருடத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, பாறை விரிசல்களில் புகுந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இத்தனை மழையும் இந்தப் பாறையும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஜெயின்டியா மலையில் உள்ள கிரெம் லியாட் பிரா மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும்.

நான் முதலில் போனது காரோ மலையில் இருக்கும் சிஜு குகை. பாக்மாராவில் தங்கி, சிம்சாங் ஆற்றை ஒட்டியே போக வேண்டும். சிஜுவுக்கு ஒரு பெருமை உண்டு. 1922-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப்பும் பி. சோப்ராவும் அங்கே போய், உள்ளே இருக்கிற உயிரினங்களை வாசலிலிருந்து ஆழம் வரை முறையாகச் சேகரித்தார்கள். நூறு வகைக்கும் மேல் கிடைத்தது. இந்தியாவில் ஒரு குகையின் உயிரினங்களை அப்படி முழுசாகக் கணக்கெடுத்தது அதுதான் முதல் முறை. அந்தக் குகையில் கிடைத்த இறால் ஒன்றுக்கு கெம்ப் வைத்த பெயரில் ‘கேவர்னிகோலா’ என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குகையில் குடியிருப்பது என்று அர்த்தம். அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குப் பித்து பிடித்தது.

சிஜுவுக்குள் ஓடை ஓடுகிறது. வாசலைத் தாண்டினதுமே தண்ணீரில்தான் நடை, சில இடங்களில் முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை. வெளிச்சம் தீர்ந்த இடத்தில் எங்கள் கைடு விளக்கை அணைக்கச் சொன்னார். கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியவில்லை. மறுபடி விளக்கைப் போட்டு, சுவரை ஒட்டிக் குனிந்து பார்க்கச் சொன்னார். அங்கே குகைச் சிள்வண்டு ஒன்று. உடம்பு கட்டைவிரல் நகத்தளவு, மீசை மட்டும் அதைப்போல நாலைந்து மடங்கு நீளம். அந்த மீசையை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிப் பாறையைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. ஒரு அடி தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வேட்டைச் சிலந்தி, வயிற்றுக்குக் கீழே தட்டையான வெள்ளை முட்டைப் பையை அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. விளக்கொளி பட்டதும் அதன் கண்கள் மின்னின. சிள்வண்டு அதன் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என்ன ஆனது என்று பார்க்கக் கைடு விடவில்லை, ஆளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் அந்தக் குறை உண்டு.

வெயில் இல்லை, அதனால் செடி இல்லை. பிறகு இத்தனை உயிர்கள் எதைச் சாப்பிடுகின்றன? வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் இலை, குச்சி ஒரு பக்கம். மீதிக்கு வௌவால்தான் படியளக்கிறது. இரவு முழுக்க வெளியே பூச்சி தின்றுவிட்டு வந்து கூரையில் தொங்குகிறது, அதன் எச்சம் கீழே விழுகிறது. எச்சத்தையும் அதில் வளரும் பூஞ்சையையும் வண்டுகளும் உண்ணிகளும் தின்கின்றன, அவற்றைச் சிலந்தி தின்கிறது. ஓடைக்கு மேலே மேடான ஒரு இடத்தில் எச்சம் குவிந்து கிடந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் அந்தக் குவியலின் மேல்பரப்பு முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை, ஆச்சரியம்தான். ஜெயின்டியா குகைகளில் கண் பார்வை மங்கிய, வெளிறிய மீன்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஒன்றேகால் அடி நீளத்தைத் தாண்டும். 2023-இல்தான் அதற்கு ‘நியோலிசோகைலஸ் ப்னார்’ என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் தெரிந்தவரை குகை மீன்களில் பெரியது அதுதான். அதைப் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இல்லை, அந்தக் குகைகளுக்குள் கயிறு கட்டி இறங்க வேண்டும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியதில் முதலாவது காலம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் குகைக்குள் போக வேண்டும். எங்கேயோ மலை உச்சியில் பெய்த மழை, நீங்கள் உள்ளே இருக்கும்போது ஓடையில் வந்து சேரும். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018-இல் சிறுவர்கள் மாட்டிக்கொண்டது அப்படித்தான். தலையில் கட்டும் விளக்கு போக, ஆளுக்கு இன்னும் இரண்டு விளக்காவது வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். வெளியே ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வௌவாலைத் தொடாதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், குட்டியோடு கூட்டமாகத் தொங்குகிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், எங்களிடமும் சொன்னார்கள். சொல்லாதது ஒன்றே ஒன்று.

சிஜுவுக்குப் பிறகு வேறு இரண்டு குகைகளுக்குப் போனேன். அதில் ஒன்றின் மேல்தளம் காய்ந்து கிடந்தது. ஓடை எப்போதோ கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது, மேலே பழைய பாதை மட்டும் இருந்தது. அதில் ஒரு இடத்தில் வயிற்றால் ஊர்ந்துதான் போக முடியும். தரை முழுக்க காய்ந்த வௌவால் எச்சம், காப்பித்தூள் போல மெத்தென்று. எனக்கு முன்னால் போனவரின் பூட்ஸ் கிளப்பிய தூசி விளக்கு வெளிச்சத்தில் சுழன்றுகொண்டே இருந்தது, கீழே இறங்கவே இல்லை. கைடு கைக்குட்டையை மூக்கில் இறுக்கிக் கட்டியிருந்தார். நாற்றத்துக்காகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டோம், செல்பி எடுத்துக்கொண்டோம்.

சென்னைக்கு வந்து ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் ஆரம்பித்தது. குளிர், தலைவலி, வறட்டு இருமல், மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் பிடித்துக்கொள்கிற வலி. பக்கத்துத் தெரு டாக்டர் வைரல் காய்ச்சல் என்றார். டெங்கு, மலேரியா, டைபாய்டு எதுவும் இல்லை. இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் சாயங்காலம் ஆனால் வந்துவிடும். எடை இறங்கியது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சி.டி. ஸ்கேனில் நெஞ்சுக்கு நடுவே நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருந்தன. சளியில் டிபி கிருமி இல்லை, ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையிலும் இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். அந்த ஒரு நாள் மட்டுமே நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ரிப்போர்ட்டில் ‘கிரானுலோமா’ என்று வந்தது, கிருமியைச் சுற்றி உடம்பின் அணுக்கள் திரண்டு உண்டாகும் முடிச்சு மாதிரி. நம் ஊரில் காய்ச்சல், இருமல், எடை இழப்பு, நிணநீர்க் கட்டி, கிரானுலோமா என்றால் டிபி என்றுதான் முடிவு செய்வார்கள். நூற்றில் பெரும்பாலான பேருக்கு அது சரியாகவும் இருக்கும். அதனால் அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

டிபி என்றால் சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். என் பெயரும் பதிவானது. மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது, அது அதில் இருக்கிற ரிபாம்பிசின் என்ற டிபி மருந்தின் வேலை, முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாதது வாந்தி. காலையில் மாத்திரை, பத்து மணிக்கு வாந்தி, மத்தியானம் சோற்றைப் பார்த்தாலே குமட்டல். ஈரல் சோதனையில் அளவுகள் ஏறியிருந்தன. அதைவிட மோசம் சுற்றி இருந்தவர்கள். நான் இருந்தது தனி அறை, வீட்டுக்கார அம்மா மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, “ஏம்மா, டிபின்னா ஒட்டிக்குமாமே, ஊருக்குப் போய் அம்மாகிட்ட இருந்துட்டு வாயேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, வீட்டில் பேரக்குழந்தை இருந்தது. ஊரில் அம்மாவிடம் டிபி என்று சொல்லவில்லை, நிமோனியா என்று சொல்லிவைத்தேன். வந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று வரவும் விடவில்லை. எச்.ஐ.வி. சோதனைக்கு எழுதிக்கொடுத்த அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். டிபி என்று வந்தால் எல்லோருக்கும் அந்தச் சோதனை எடுப்பது வழக்கம்தான். அதையும் யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒரு அக்கா வற்புறுத்தி வேறு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார், தொற்றுநோய்களை மட்டும் பார்க்கிறவர். அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. “காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ஒரு மாசத்துல எங்கெல்லாம் போனீங்க? கோழிப்பண்ணை, பழைய கட்டடம், புறாக் கூடு, குகை, அந்த மாதிரி ஏதாவது?” என்று கேட்டார். குகை என்றேன். எத்தனை பேர் போனீர்கள், யாருக்காவது காய்ச்சலா, தூசி இருந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்டார். அங்கேயே கூட வந்தவர்களுக்குப் போன் போட்டேன். ஒருவருக்கு அதே வாரத்தில் காய்ச்சல், இருமல், தானாகவே சரியாகிவிட்டதாம். எங்களுக்குள் அதுவரை யாரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நோயின் பெயர் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ். வௌவால், பறவைகளின் எச்சம் கலந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளர்கிறது. அந்த மண்ணைக் கிளறினால் அதன் வித்துகள் தூசியோடு எழும்பி நுரையீரலுக்குள் போகின்றன. உடம்புச் சூட்டில் அது உருமாறி ஈஸ்ட் ஆகிவிடுகிறது. மூச்சில் போய் 3 நாளிலிருந்து 17 நாளுக்குள் காய்ச்சல் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே செய்யாது, சிலருக்குச் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும். நிறையத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்தான் ஆபத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. நான் வீட்டுக்கார அம்மாவின் பேரக்குழந்தைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததெல்லாம் வீண். மூன்று குகைகளில் எதில் தொற்றியது என்று நிரூபிக்க முடியாது. அந்தக் காய்ந்த பாதையில்தான் என்று டாக்டர் நினைத்தார், நானும் அப்படியே நினைக்கிறேன். ஈரமான ஓடைக் குகையில் தூசி கிளம்பாது.

இங்கேதான் பணத்தை மிச்சப்படுத்தின ஒரு விஷயம். மறுபடி குழாய் விட வேண்டுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். தேவையில்லை என்றார். பயாப்சி எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகத்திலேயே வைத்திருப்பார்கள், அதை ‘பிளாக்’ என்கிறார்கள். நோயாளி எழுதிக் கேட்டால் பிளாக்கையும் கண்ணாடிச் சில்லுகளையும் தருவார்கள். அதை வாங்கி வேறு ஆய்வகத்தில் கொடுத்து, பூஞ்சையைக் காட்டும் தனிச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். சாதாரணச் சாயத்தில் கண்ணில் படாத ஈஸ்ட்டுகள் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. ஆன செலவு சில ஆயிரம்தான். பயாப்சி ரிப்போர்ட் குழப்பமாக இருந்தால், மறுபடி கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன் பிளாக்கைப் பற்றிக் கேளுங்கள்.

டிபி மருந்தை நிறுத்தினாலும் உடனே பூஞ்சை மருந்தைத் தொடங்க முடியவில்லை. ரிபாம்பிசின் உடம்பில் இருக்கும்வரை இட்ரகோனசோல் என்ற அந்தப் பூஞ்சை மருந்து வேலை செய்யாதாம், ஈரல் அதை உடைத்துத் தள்ளிவிடுமாம். ஈரலும் தேற வேண்டும். அந்த இரண்டு வார இடைவெளியில் நோய் என்ன என்று தெரிந்தும் மருந்தில்லாமல் காய்ச்சலோடு கிடந்தது பெரிய சோதனை. அப்புறம் மூன்று மாதம் இட்ரகோனசோல். கேப்ஸ்யூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் உடம்பில் ஏறும். நெஞ்செரிச்சல் என்று வழக்கமாகப் போடும் ஆன்டாசிட் மாத்திரையைக் கூடப் போட்டால் மருந்து வீண். ஈரல் சோதனையை நடுநடுவே எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பத்து நாளில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. என்னுடைய இன்சூரன்ஸ் பயாப்சி எடுத்த அன்றைக்கு மட்டும் பணம் கொடுத்தது, வெளிநோயாளியாக ஆன ஸ்கேன், சோதனை, மாத்திரை எதற்கும் பைசா வரவில்லை. பாலிசியில் அந்த வரியை இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள்.

குகைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு நாலு என்-95 மாஸ்க் எடுத்துப் போங்கள். துணி மாஸ்க்கும் கைக்குட்டையும் உதவாது. என்-95-உம் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பயன், அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுசாகத் தடுக்காது. ஈரமானால் மூச்சு முட்டும், மாற்றிவிட வேண்டும். காய்ந்த எச்சம் கிடக்கிற இடத்தில் ஊர்ந்து போக வேண்டியிருந்தால் என் யோசனை, போகாதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு அல்லது முடக்குவாதத்துக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் வௌவால் குகைக்குள் நுழைவதற்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். வெளியே வந்ததும் உடையை மாற்றி பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள், தங்கும் அறைக்குள் உதறாதீர்கள். பூட்ஸைத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த குகைக்குப் போகாதீர்கள். இது நமக்காக மட்டும் இல்லை. 2006-இல் நியூயார்க் பக்கம் ஒரு குகையில் முதலில் கண்ணில் பட்ட வெள்ளை மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது, அதுவும் ஒரு பூஞ்சைதான், மனிதர்களின் பூட்ஸ் வழியாகவும் பரவும் என்பதால் அங்கே பல குகைகளை மூடினார்கள். வௌவால்களை விரட்ட வேண்டும், குகையைப் புகை போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று என் கதையைக் கேட்ட இரண்டொருவர் சொன்னார்கள். அது அதன் வீடு, மாஸ்க் போடாமல் போனது நாம்.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வரியாகவே “வௌவால் இருக்கிற குகைக்குப் போய் வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள், சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். கூட வந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிக் கேளுங்கள், இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் அதுவே பெரிய துப்பு. கோழிக்கொட்டகை சுத்தம் செய்கிறவர்களுக்கும், வௌவால் அடைந்த பழைய கட்டடத்தை இடிக்கிறவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

எனக்கு இப்போது இருமல் இல்லை, எடை திரும்பிவிட்டது. நுரையீரலில் இருந்த புள்ளிகள் சுண்ணாம்பு படிந்து தழும்பாகிவிட்டன, அவை எக்ஸ்ரேயில் ஆயுளுக்கும் தெரியும். வேலைக்கோ விசாவுக்கோ எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் பழைய டிபியா என்று கேட்பார்கள். அதனால் அந்தப் பயாப்சி மறுபரிசோதனை ரிப்போர்ட்டையும், சிகிச்சை முடிந்த பிறகு எடுத்த ஸ்கேனையும், டிபி இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் ஒரே கோப்பில் வைத்து, போனிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு கடிதத்தை சிகிச்சை முடிகிற அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், ஒரு வருடம் கழித்துப் போனால் டாக்டர் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.